தோட்டம் தந்த பாடம்



பல்லையும் முரசையும் பற்றிப் பேசுவதற்குப் பற்சிகிச்சை வைத்தியர் ஒருவரை அழைத்திருக்கலாம். பாடசாலை அதிபர் ஒருவர் ஏன் வரவேண்டும் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லேன். ஆயினும், இன்று நான் சொல்லவிருக்கும் செய்தியில் மருத்துவத்துக்குள்ள பங்கு கல்விக்கும் உண்டு. ஆதலின், ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொல்லிவரும் ஆசிரியன் என்ற உரிமையோடு உங்கள் முன் வருகிறேன்.

பட்டம் பெற்றுத் தொழிலில் இறங்கிய பின்னரும் ஒருவர் தம் துறையிலே தொடர்ந்து கற்பதைத் தொடர் கல்வி என்கிறோம். பற்சிகிச்சை வைத்தியர்களும் அவ்வாறே கற்றுவருகிறார்கள். முரசு நோய்க்கு எவ்வாறு சிகிச்சை செய்வது, தாடை எலும்பிற் பதிக்கப்படும் செயற்கைப் பல்வேரைச் சுற்றியுள்ள மென்தசையை எவ்வாறு பேணுவது என்பன அவர்களுடைய தொடர் கல்வியில் முக்கிய இடம் பெறும் பாடங்கள். அப்பாடங்களுள் மிக அடிப்படையான ஒன்று நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய்களிலிருந்து எழுதப்பட்டது. அதனை உலகம் படித்துவிட்டது, தோட்டம் படித்ததா? இதுவே இன்றைய என் வினா.

முதலில் நோயின் தன்மையைச் சிறிது பார்ப்போம். பல்லைப் பற்றி நிற்கும் தசையை நூல்கள் ஈறு என்னும். நம் நாட்டு வழக்கில் அதனை முரசு என்கிறோம். உணவு உண்ட பின் பல்லின் மேல் மெல்லிய பசைபோன்ற ஒரு படலம் படிகிறது. அது வெறும் அழுக்கன்று. எண்ணிறந்த நுண்ணுயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு. நாள்தோறும் துடைத்து அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஊறிக் கல்லைப்போல் இறுகுகிறது. இதுவே பற்காரை. படலமும் காரையும் முரசின் ஓரத்திலே தங்கும்போது முரசு சிவந்து வீங்குகிறது. பல் துலக்கினால் இரத்தம் கசிகிறது. இந்த நிலையில் நோய் முற்றிலும் மாறக்கூடியது. கவனியாது விட்டால், பலருக்கு அழற்சி ஆழமாக இறங்குகிறது, பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்கள் அறுகின்றன, எலும்பு கரைகிறது, பல்லுக்கும் முரசுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. இறுதியில், சொத்தை சிறிதும் இல்லாத நல்ல பல்லே ஆடி விழுந்துவிடுகிறது. இதிற் கொடுமை யாதெனில், இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நடைபெறுகிறது. பற்சொத்தை நோயாளியை இரவிலே எழுப்பி வைத்தியசாலைக்கு விரட்டும். முரசு நோயோ ஓசையின்றி உள்ளே புகும்.

படலமே இந்த அழற்சிக்குக் காரணம் என்பதை ஐயமற நிறுவிய பரிசோதனை 1965 ஆம் ஆண்டு வெளியாயிற்று. டென்மார்க்கிலுள்ள ஓர்ஹஸ் நகரில் ஹரல்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய துணைவர்களும் நல்ல முரசுடைய பன்னிருவரைத் தெரிந்து, பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிருவருக்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது நீங்கிற்று. இவ்வளவு எளிய முறையில் இவ்வளவு பெரிய உண்மையை உணர்த்திய பரிசோதனைகள் மருத்துவத்தில் மிகச் சிலவே.

அடுத்த வினா ஒன்று எஞ்சி நின்றது. சிகிச்சையே அறியாத மக்களிடத்தில் இந்நோய் ஆண்டுதோறும் எவ்வளவு வளரும்? எல்லோரையும் ஒரே வகையாகத் தாக்குமா? இதற்கு விடை காண, லோவும் அவரோடு அனெருட், பொய்சன் ஆகியோரும் இரண்டு கூட்டத்தாரைத் தேர்ந்தனர். ஒன்று, குழந்தைப் பருவந் தொட்டு ஒழுங்கான பற்பராமரிப்புப் பெற்ற ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களுமாகிய 565 பேர். இவர்களை 1969 இல் பார்த்தனர். மற்றது, நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே வேலை செய்த ஆண் தொழிலாளர் 480 பேர். இவர்களை 1970 இல் முதன்முறையாகப் பார்த்தனர். அத்தோட்டங்கள் டன்சினேன், ஹரோ என்பன. அவை நம் ஊவாவைச் சேர்ந்தவையல்ல. மலைத்தொடருக்கு அப்பால், நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாப் பக்கத்தவை. ஆயினும், பசறையிலும் நமுனுகுலையிலும் ஹப்புத்தளையிலும் லுணுகலையிலும் கொழுந்து பறிக்கும் நம் மக்களுக்கும் அவர்களுக்கும் வேற்றுமை என்ன? ஒரே வகை லயம், ஒரே தேநீர், ஒரே வெற்றிலை, ஒரே வரலாறு.

1970 க்குப் பின் 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளிலும் ஆய்வாளர் வந்து அதே மனிதரின் வாய்களை மீண்டும் மீண்டும் பரிசோதித்தனர். தொடக்கத்திற் பதினான்கு, பதினைந்து வயதினராயிருந்த சிறுவரும், முப்பதை எட்டியிருந்த இளைஞரும் அவர்கள் கண்முன்னே வளர்ந்து நடுவயதினராயினர். இத்தொழிலாளரிடையே பல் துலக்கும் வழக்கம் இல்லை; பற்சிகிச்சையும் கிடைத்ததில்லை. ஏறத்தாழ எல்லோருடைய முரசிலும் அழற்சி இருந்தது. ஆனால் பற்சொத்தை மட்டும் அரிதாகவே காணப்பட்டது. ஆகவே பல் விழுந்தால், அதற்கு முரசு நோயே காரணம் என்று தெளிவாகக் கூறலாயிற்று.

1986 இல் முடிவுகள் வெளிவந்தன. நேயர்கள் இவ்வெண்களைச் சிறிது கூர்ந்து கேட்கவேண்டும். எல்லோரும் பல்லைத் துலக்காதவரே. எல்லோருக்கும் காரை உண்டு. எனினும் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைவாகப் பரவிற்று. இவர்கள் இருபது வயதளவிலேயே பல்லை இழக்கத் தொடங்கினர். முப்பத்தைந்தில் 12 பற்கள் போயின. நாற்பதில் 20 போயின. நாற்பத்தைந்தில் வாயில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் நடுத்தர வேகத்தில் வளர்ந்தது. முப்பதுக்குப் பின் பற்கள் விழத் தொடங்கி, நாற்பத்தைந்தில் சராசரி 7 பற்கள் போயிருந்தன. எஞ்சிய 11 பேருக்கோ முரசு சிவந்ததேயன்றி, நோய் ஆழமாக இறங்கவில்லை, பல்லும் விழவில்லை.

உலகத்துப் பற்சிகிச்சைக் கல்லூரிகளிலெல்லாம் இந்த மூன்று எண்களும் பாடமாயின. அழுக்கு எல்லோருக்கும் பொது. ஆயினும் அதற்கு உடல் எதிர்வினை காட்டும் வகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது இதனாற் புலனாயிற்று. இன்று வைத்தியர்கள் ஒரு நோயாளியைப் பார்க்கும்போது, நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பதை நான்கு படிகளாகவும், எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை மூன்று தரங்களாகவும் வகுக்கிறார்கள். 2018 இல் வெளியிடப்பட்ட உலகப் பொதுப் பாகுபாடு அது. மிகுதியாகப் புகைப்பவரையும், நீரிழிவு கட்டுப்படாதவரையும் வேகம் மிகுந்த தரத்திலே சேர்க்கச் சொல்கிறது அந்தப் பாகுபாடு. நோயின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற கருத்துக்கு வலுவூட்டிய சான்றுகளுள் நம் தோட்டத்துச் சான்று முதன்மையானது.

ஆராய்ச்சி 1985 உடன் நின்றுவிடவில்லை. நாற்பதாண்டு கழிந்து 2010 இல் ஆய்வாளர் மீண்டும் வந்து தேடியபோது, முதல் 480 பேருள் 75 பேரைக் கண்டு பரிசோதிக்க முடிந்தது. அவர்கள் அப்போது முதியவர்கள். அந்தப் பரிசோதனையிலிருந்து 2017 இல் வெளிவந்த முடிவு ஒன்று பெற்றோரும் ஆசிரியரும் மனத்திற் பதிக்கவேண்டியது. முப்பது வயதிலே பல்லின் பிடிமானத்திற் சராசரி இழப்பு இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தவர்களே, அறுபது வயதிலும் இருபது பற்களையாவது வைத்திருக்கும் வாய்ப்பு மிகுந்தவர்களாயிருந்தனர். அஃதாவது, முதுமையின் பல் இளமையிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

இனி ஒஸ்லோ நகரத்தாரின் நிலை என்னவென்று கேட்பீர்கள். நாற்பது வயதை நெருங்கும்போது, பல்லின் பிடிமானத்தில் அவர்கள் இழந்தது சராசரி ஒன்றரை மில்லிமீற்றர் அளவே. நம்மவர் இழந்தது நான்கரை மில்லிமீற்றர். நம் தோட்டத்தில் ஆய்வு நடந்த அதே காலத்தில், 1971, 1972 ஆம் ஆண்டுகளில், சுவீடனிலுள்ள கார்ல்ஸ்டாட் நகரில் அக்செல்சன், லிந்தே என்னும் இருவர் வேறோர் ஆய்வைத் தொடங்கினர். அங்கே நோயைப் பார்த்துக்கொண்டிருப்பதன்று, தடுப்பதே நோக்கம். துலக்கும் முறையை ஒவ்வொருவருக்கும் கற்பித்து, குறித்த காலத்துக்கொருமுறை அழைத்துப் பல்லைத் தூய்மை செய்து அனுப்பினர். முப்பதாண்டு கழிந்தபின் கணக்கெடுத்தபோது, ஒருவர் இழந்த பற்கள் சராசரி இரண்டைக்கூட எட்டவில்லை. ஒரே பூமியில், ஒரே காலத்தில், இரண்டு பாடங்கள். கைவிடப்பட்ட வாய்க்கு என்ன நேரும் என்பதை நம் தோட்டம் காட்டிற்று. பேணப்பட்ட வாய் எவ்வாறு வாழும் என்பதைக் கார்ல்ஸ்டாட் காட்டிற்று.

இந்த இடத்தில் ஒரு கருத்தை மறைக்காமற் கூறவேண்டும். ஒரு நோயின் இயல்பான போக்கை ஆராய்வதற்குச் சிகிச்சை எட்டாத மக்கள் வேண்டும். அத்தகைய மக்கள் 1970 இல் நம் மலைகளிலே எளிதிற் கிடைத்தனர் என்பது அறிவியலுக்கு வாய்ப்பாக இருக்கலாம். நமக்கு அது பெருமையன்று. ஆய்வாளர் கண்டறிந்தது மறுக்கவொண்ணாத உண்மை. அதனால் உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் பயனடைந்தனர். அந்த அறிவுக்கு விலையாகத் தம் வாயைத் திறந்து காட்டிய கொழுந்துக் கூடைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கு அவ்வறிவு வந்து சேராவிடில், அது தீர்க்கப்படாத கடனாகவே நிற்கும்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வைத்தியர் முதலில் மெல்லிய அளவுகோல் ஒன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே விட்டு ஆழம் பார்ப்பார். மூன்று மில்லிமீற்றர் வரை இருப்பது இயல்பு. நான்கும் அதற்கு மேலுமாயின் கவனம் வேண்டும். சிகிச்சையின் முதற்படி கத்தியுமன்று, மருந்துமன்று, கற்பித்தலே. துலக்கும் முறையைக் கற்பிப்பதும், புகையை விடச் செய்வதும், நீரிழிவைக் கட்டுப்படுத்துவதும் முதற்படி. இரண்டாம் படியில், முரசுக்குக் கீழே மறைந்துள்ள காரையைச் சுரண்டி எடுப்பர். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்து, ஆழம் குறையாத இடங்களில் மட்டும் மூன்றாம் படியாக அறுவைச் சிகிச்சை செய்வர். நான்காம் படி, நோயாளி வாழும்வரை குறித்த காலத்தில் வந்து காட்டிக்கொள்வது. நான்கு படிகளிலே முதலும் கடையும் நோயாளியின் கையிலேயே பெரிதும் உள்ளன என்பதைக் கவனியுங்கள். வைத்தியரின் தொடர் கல்வி மட்டும் போதாது. நோயாளிக்கும் தொடர் கல்வி வேண்டும்.

செயற்கைப் பல்வேரைப் பற்றியும் ஒரு சொல். டைட்டேனியம் என்னும் உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைச் சுவீடன் நாட்டுப் பிரானேமார்க் கண்டறிந்து, 1965 இல் ஒரு மனிதரின் தாடையிலே முதன்முறையாகப் பல்வேர்களைப் பதித்தார். இன்று நகரங்களில் இது பெருகிவருகிறது. “பல் போனால் என்ன, பணம் இருந்தால் புதிது நட்டுக்கொள்ளலாம்” என்று பேசுவாரும் உளர். அவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. இயற்கைப் பல்லின் வேரிலே முரசின் நார்கள் புகுந்து, கயிறு கட்டினாற்போற் பற்றி நிற்கின்றன. உலோக வேரில் அவை அவ்வாறு புக முடிவதில்லை. அதன் பக்கவாட்டிலே ஒட்டி நிற்கின்றன. இரத்தவோட்டமும் அங்கே குறைவு. ஆகவே, அங்கே காவல் மெலிந்தது. 1994 இல், ஓர்ஹஸ் பரிசோதனையைப் போலவே, செயற்கை வேர் உடையவரைத் துலக்காதிருக்கச் செய்து பார்த்தபோது, மூன்று வாரத்தில் அவ்வேரைச் சுற்றியும் அழற்சி தோன்றிற்று. அழற்சி எலும்பில் இறங்கினால், இயற்கைப் பல்லைக் காட்டிலும் வேகமாக அழிவு நேரக்கூடும். முன்பு முரசு நோயாற் பல்லை இழந்தவருக்கே இந்த அபாயமும் மிகுதி. இதனாலேதான் வைத்தியர்கள் அவ்விடத்து மென்தசையைப் பற்றித் தனியாகக் கற்கிறார்கள். உறுதியான தசை அங்கே போதாவிடில், மேலண்ணத்திலிருந்து சிறிது எடுத்து ஒட்டியும் வைக்கிறார்கள். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய பல்லுக்கும் முரசே காவல். முரசுக்குக் காவல் தினமும் துலக்கும் கை.

இனி நம் ஊவாவுக்கு வருவோம். 1970 இல் இருந்த நிலை இன்று அப்படியே இல்லை. கடைதோறும் பற்தூரிகையும் பற்பசையும் தொங்குகின்றன. அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. சிறு வகுப்புப் பிள்ளைகளைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பார்க்கிறார்கள். எனினும் மூன்று குறைகள் எஞ்சியிருக்கின்றன.

முதலாவது, காலம். உயர்ந்த டிவிசனிலிருந்து ஒரு தாய் பதுளை வைத்தியசாலைக்கு வந்து திரும்புவதற்கு ஒரு நாள் செல்லும். அன்றைய பெயர் விழாது. பெயர் விழாவிடில் சம்பளமில்லை. வலிக்காத நோய்க்காக எவர் ஒரு நாட் சம்பளத்தை இழப்பர்? ஆகவே, பல் ஆடத் தொடங்கிய பின்னரே வருகிறார்கள். அப்போது வைத்தியருக்கு எஞ்சியிருப்பது பிடுங்கும் வேலை ஒன்றே.

இரண்டாவது, வயது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை பிள்ளையைத் தேடிச் சேவை வருகிறது. அதன்பின் பாடசாலையை விட்டு விலகித் தோட்டத்துக்கோ கொழும்புக் கடைகளுக்கோ வேலைக்குச் செல்லும் இளைஞனைத் தேடி எவரும் போவது அரிது. தோட்டத்து ஆய்வு பதினான்கு வயதிலே தொடங்கிற்று என்பதை நினைவுகூருங்கள். நோய் வேலை செய்யத் தொடங்கும் வயதும், நாம் கைவிடும் வயதும் ஒன்றாயிருக்கின்றன.

மூன்றாவது, வெற்றிலை. குளிரிலும் மழையிலும் நின்று வேலை செய்பவருக்கு ஒரு வாய் வெற்றிலை எத்துணை ஆறுதல் என்பதை நான் அறியாதவனல்லேன். ஆயினும், பாக்கே புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் நூலாக வெளியிட்டுவிட்டது. புகையிலை சேர்ந்தால் தீங்கு இன்னும் பெருகும். நம் நாட்டு ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. மற்றொன்றும் உண்டு. முரசு நோயின் முதல் எச்சரிக்கை உமிழும்போது தோன்றும் இரத்தம். வெற்றிலைச் சாற்றின் சிவப்பில் அந்த எச்சரிக்கை தெரியாமலே போய்விடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. “வயது போனால் பல்லும் போகும்; எல்லாம் தலையெழுத்து” என்பது அது. ஒரே லயத்தில் இருவர் ஒன்றுபோல் வாழ்ந்து, ஒருவருக்குப் பல் முழுதும் விழவும் மற்றவருக்கு ஒன்றும் விழாதிருக்கவும் கண்ட மக்கள், அதனை விதி என்று எண்ணியதில் வியப்பில்லை. நூற்றுக்கு எட்டும், நூற்றுக்குப் பதினொன்றும் அவர்கள் கண்முன்னே அயல் வீடுகளாக இருந்தன. ஆனால் நடுவிலுள்ள எண்பத்தொருவரை மறந்துவிடலாகாது. அவர்களுடைய நோய் மெதுவாக நடப்பது. மெதுவாக நடப்பதை மறிக்கலாம். வேகமாக நடப்பதையும் இளமையிற் கண்டால் அடக்கலாம். தலையெழுத்து என்று சொல்வதற்கு இதில் இடமில்லை.

நாம் செய்யக்கூடியன எளியவை. பிள்ளைக் காம்பராவிலே தொடங்கி, உறங்கப் போகுமுன் துலக்கும் வழக்கத்தைப் பழக்குவோம். காலையைக் காட்டிலும் இரவுத் துலக்கலே நாம் பெரிதும் தவறவிடுவது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் கண்டனர். தூரிகை வாங்கிய நாம் அவர்களுடைய நியமத்தையும் கைக்கொள்வோமாக. முரசும் பல்லும் சேரும் ஓரத்தில் மென்மையாகத் தேய்க்கவேண்டும். கரியும் செங்கற்பொடியும் கொண்டு தேய்த்தல் ஆகாது. இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்துபவர் பலர். அப்போதுதான் இன்னும் கவனமாகத் துலக்கவேண்டும். இரண்டு வாரத்திலும் கசிவு நில்லாவிடில் வைத்தியரை நாடவேண்டும். கருவுற்ற தாய்மாரும் நீரிழிவு உடையோரும் இதிற் சிறப்பாகக் கருத்தூன்றவேண்டும். முரசு நோய் நீரிழிவை மிகச் செய்யும், நீரிழிவு முரசு நோயை மிகச் செய்யும்.

பாடசாலையை விட்டுச் செல்லும் மாணவனுக்குச் சான்றிதழ் கொடுக்கும் நாளில், ஒருமுறையேனும் அவன் வாயை வைத்தியர் பார்த்திருத்தல் வேண்டும் என்று அதிபர்களாகிய நாம் பிரதேசச் சுகாதார அலுவலகத்தைக் கேட்கலாம். பெரட்டுக் களத்துக்கு வைத்தியர் ஆண்டுக்கொருமுறை வருவாராயின், தாய் ஒரு நாட் சம்பளத்தை இழக்கவேண்டியதில்லை என்று தோட்ட நிர்வாகத்தைக் கேட்கலாம். நம்மிடம் வரும் இளம் வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் மேலைநாட்டு நூல்களிலே மூன்று எண்களைப் படித்திருப்பீர்கள். அவ்வெண்களுக்குரியவர்கள் உங்கள் நாட்டவர். அவர்கள் பேசிய மொழி நீங்கள் இந்த மலைகளிலே நாள்தோறும் கேட்கும் தமிழ். அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே அப்பாடத்தைச் சொல்லுங்கள்.

ஆசிரியனிடமிருந்து பாடம் கேட்டவன் கடன்பட்டவன் என்பது நம் மரபு. முரசு நோயைப் பொறுத்தவரை தோட்டத் தொழிலாளி ஆசிரியன், உலகம் மாணவன். அந்த ஆசிரியனின் பேரன் இன்று என் பாடசாலையில் எட்டாம் வகுப்பிலே அமர்ந்திருக்கிறான். அவனுக்குப் பதினான்கு வயதாக இன்னும் ஓராண்டே இருக்கிறது.